மேலக் கண்மாயில் ஒண்ணுமில்ல

எனக்குக் காப்பி வேண்டாம் தாயி. மோரு இருந்தா குடு, இல்லன்னா சும்மா இரு. நான் ஒன் மாமங்கூட செத்த நேரம் பேசிக்கிட்டு இருக்கேன். கண்மாயப் பத்திப் பேசக் கூடாது, அம்புட்டுதான? அதத்தான் வாசல்லயே வச்சுச் சொல்லிட்டியே. எனக்குத் தெரியாதா? நான் பழைய கத பேசுவேன், கபடி ஆடுன கத. நீ போ. அடுப்புல என்னமோ அடிப்பிடிக்கிற வாசன வருது.

போயிட்டா. நல்ல புள்ளதான் மகாலட்சுமி. ஒன் மகனுக்கு இப்படி ஒருத்தி வாச்சது பெரிய விசயம். ஏலே பால்ச்சாமி, கண்ண இங்கிட்டுத் திருப்பு மாப்ள. முத்துவீரன் வந்துருக்கேன். தெரியுதா? தெரியாம என்ன. கண்ணு இம்புட்டு விரியுதே.

ஒரு தடவ இமைய மூடுனா ஆமா, ரெண்டு தடவ மூடுனா இல்லங்கியாம். ஒன் மருமக சொன்னா. கையும் போச்சு, காலும் போச்சு, ஊரையே அதட்டுன வாயும் போச்சு. இமை ரெண்டையும் மட்டும் மிச்சம் வச்சுருக்கு. ஆனா காது நல்லாக் கேக்கும், புத்தி தெளிவா இருக்குன்னு மதுர டாக்டரு சொல்லிட்டாராம்ல. அதக் கேட்டதுக்குப் பொறவுதான் ஒன்னைய ஒரு நட வந்து பாக்கணும்னு எனக்குத் தோணுச்சு. தையில விழுந்தவன் நீ. இப்ப வைகாசி. இம்புட்டு நாளா வராதவன் இன்னைக்கு வந்துருக்கானேன்னு பாக்கியா? வந்துட்டேன்ல.

சன்னல எதுக்கு இப்படிச் சாத்தி வச்சுருக்காவ? நல்ல மேக்காத்து அடிக்கிற காலம். எப்பவும் தெறந்துதான இருக்கும். தெறக்கட்டுமா? ஒண்ணா, ரெண்டா? ஒண்ணு. அப்படிச் சொல்லு.

ஆங். கட்டில்ல படுத்துக்கிட்டே மேக்க வானம் பூரா தெரியுது ஒனக்கு. மலையும் தெரியும், பனை மறைக்குது. கொக்குக எம்புட்டுப் பறக்குது பாரு. மேல வட்டம் போடுதே, அது பருந்து. என்ன, வாசன வருதா? ஆஸ்பத்திரி வாசனயா? ஒன் ரூம்புல எப்பவும் பினாயிலு வாசனதான மாப்ள. எனக்குக்கூட ஆரம்பத்துல வித்தியாசம் தெரியல.

நாற்காலிய இப்படிப் போட்டுக்கிடுதேன். சட்டையப் பாக்கியா? பச்சக் கலரு. முதுகுல ஒரு நண்டுப் படம் போட்டு அதுக்கு மேல குறுக்க ஒரு செகப்புக் கோடு இழுத்துருக்கு. இந்தா, திரும்புறேன், பாத்துக்கோ. தன்னார்வலராம். எனக்கு அந்தச் சொல்லு வாயில நொழையவே ஒரு மாசம் ஆச்சு. சம்பளம் கெடையாது. சட்ட குடுத்தாவ, தொப்பி குடுத்தாவ, வருசத்துக்கு ஒரு நாளு ஸ்ரீவில்லிபுத்தூர் காலேஜுல உக்கார வச்சு சாப்பாடு போட்டாவ. அஞ்சாப்பு தாண்டாதவனுக்குக் காலேஜுல நாற்காலி. நீ என்னைய ஒன் வீட்டு வாசல்ல நிக்க வச்சுப் பேசுனவன்.

என்ன வேலைன்னா, வெளிநாட்டுச் சாதி நண்டு ஒண்ணு நம்ம பக்கம் எறங்கிருக்காம். நம்ம வயல் நண்டு மாதிரி இல்ல. நீளமா இருக்கும், செகப்புக் கொடுக்கு, பின்னால எறாலு வாலு. நண்டுக்கும் எறாலுக்கும் பொறந்தது மாதிரி. டவுன்ல கண்ணாடித் தொட்டியில வளக்க வாங்குதாவ. வளத்துச் சலிச்சுப் போனதும் ஓடையில கொண்டு விட்டுருதாவ. அது ஆத்துல போயி, கண்மாயில போயி, மீன் முட்டையத் திங்கும், கரையில வளை தோண்டும். ஒரு கண்மாயில பத்திருச்சுன்னா பொறவு அதச் சுத்தி எந்தக் கண்மாயும் தப்பாது. அதனால ஊருக்கு ஒருத்தர் பொறி வச்சுப் பாத்துச் சொல்லணும். காலேஜுல ஹஸீனா மேடம்னு ஒருத்தவிய இத நடத்துதாவ. தங்கமான மனுசி. என்னைய ஐயான்னுதான் கூப்பிடுவாவ. மேலக் கண்மாய்க்கு யாரு பாப்பீங்கன்னு கேட்டாவ. கையத் தூக்குனேன்.

சனிக்கெழம சாயங்காலம் பொறிக்குள்ள கோழிக் கொடலப் போட்டு எறக்கணும். ஞாயித்துக்கெழம காலையில தூக்கணும். என்ன கெடச்சாலும் போட்டோ, பக்கத்துல ஸ்கேல வச்சு. எழுதத் தெரியாதேன்னேன். வாயால சொல்லி அனுப்புங்க ஐயான்னு போன்ல எங்க அமுக்கணும்னு காட்டிக் குடுத்தாவ. ஒண்ணும் கெடைக்கலன்னா எதுக்குச் சொல்லணும்னு கேட்டேன். அதுக்கு அவிய சொன்னாவ, ஒண்ணுமில்லங்கிறதும் தகவல்தான் ஐயா, ஒண்ணுமில்லன்னு ஒழுங்காச் சொல்லுற ஆளு சொன்னாத்தான், இருக்குன்னு சொல்லும்போது நாங்க நம்புவோம்னு.

அந்தச் சொல்ல நான் வீட்டுக்குக் கொண்டுபோயி எம்புட்டு நாளு வச்சுப் பாத்தேன் தெரியுமா.

மத்தவிய எல்லாம் அவசரக் குடுக்கைக. மம்சாபுரத்துல சாதிக் பாட்சான்னு ஒரு தையக்காரரு, வயல்ல ஓடுற நண்டு, வாய்க்கால்ல ஓடுற நண்டு, எல்லாத்தையும் போட்டோ எடுத்து இதுவா அதுவான்னு அனுப்பிக்கிட்டே இருப்பாரு. ஒருக்கா குழம்புல கெடந்த நண்ட அனுப்பிட்டாரு. அதப் பாத்து மேடம் சிரிச்சாவ பாரு. என்னையப் பாத்து யாரும் சிரிச்சதில்ல. ரெண்டு வருசம். மழையோ காச்சலோ, ஞாயித்துக்கெழம விடிஞ்சா என் கொரலு அவிய போனுக்குப் போயிரும். மேலக் கண்மாய், ஒண்ணுமில்ல. மேலக் கண்மாய், ஒண்ணுமில்ல. எங்க மேலக் கண்மாய் ஐயா மாதிரி இருக்கணும்னு கூட்டத்துல வச்சே சொன்னாவ. எல்லாரும் கை தட்டுனாவ. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

மூக்குல ஈ உக்காந்துருக்கு மாப்ள. ட்யூப்பு ஒட்டுன பிளாஸ்திரி மேல. ஓட்டவா? ஒண்ணா. செத்த இருக்கட்டும், அதுவும் ஒரு உசிருதான.

இந்த வருசம் கண்மாய் பெருகுனது ஒனக்குத் தெரியும். நீ விழும்போதே மீனு நல்ல கனம். நீ படுத்ததும் ஒன் மகன் சூர்யபிரகாஷ் ராஜபாளையத்துல மில் வேலைய விட்டுட்டு வந்து கரையிலேயே குடிசையப் போட்டுட்டான். கெட்டிக்காரன், ஒன்னைய மாதிரி வாய்க்கொழுப்பு இல்ல. ராத்திரி பகலாக் காவல் இருந்தான். தண்ணி வத்தி மடைப் பக்கத்துப் பள்ளத்துல ஒதுங்கிருச்சு. மீனு மொத்தமும் அதுலதான். கெண்டையும் விராலும் துள்ளுதத கரையில நின்னு பாக்கணும், மழ பெய்யிற மாதிரி இருக்கும். நானே ஆசையா நின்னு பாப்பேன். மாமா, வார வெள்ளிக்கெழம வல போடுதோம், அப்பாவக் கட்டிலோட தூக்கியாந்து மடை மேல வச்சு அவுக கையால துண்டு வீசச் சொல்லப் போறேன்னான் எங்கிட்ட. கையே வரலியேடான்னேன். நான் புடிச்சு வீசுவேன் மாமான்னான். நல்ல மகன்.

ஒனக்கு அத வந்து சொல்லலியா அவன்? ஒண்ணா. சொல்லிருக்கான். அப்பச் சரி.

துண்டுன்னதும் எனக்கு ஒரு நெனப்பு வந்துருச்சு. ஒனக்கும் வந்துருக்கும். அந்த வருச அழிகண்மாய். நீ குத்தகைக்காரன். நீ வல போட்டு முடிச்சு, மிச்ச மீன ஊருக்கு விடுற நாளு. மடை மேல நின்னு நீ துண்ட வீசுனாத்தான் சனம் எறங்கணும். வீசுறதுக்கு முந்தி எவன் கையில மீன் இருந்தாலும் அவன் திருடன். மொற அப்படி. நான் மீன் அமுக்குற ஊத்தாக் கூடையத் தூக்கிக்கிட்டு எல்லாரோடயும் கரையில நிக்கேன். என் பை கருவேல மரத்துல தொங்குது. நீ ஆள விட்டு எல்லார் பையையும் பாக்கச் சொன்ன. அதுவரைக்கும் எந்த வருசமும் பை பாத்ததில்ல. என் பைக்குள்ள ஒரு விரால் கெடந்து துடிக்குது.

விரால வாழநாருல கோத்து என் கழுத்துல போட்டீங்க. கர முழுக்க நடக்க விட்டீங்க. குத்தகைக்காரன் விடுன்னு ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாவ, அதுவும் மொறதான். நான் ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நடந்தேன். நீ வெத்தலையக் கிள்ளிக்கிட்டு இருந்த. விரால் லேசுல சாகாது மாப்ள. நெஞ்சுல வால வால அடிச்சுக்கிட்டே வந்துச்சு.

என் மக பாண்டிசெல்வி கரையில நின்னா, எனக்குச் சோத்துச்சட்டியத் தூக்கிக்கிட்டு. அவளப் பேசி முடிக்கிறதுக்கு மகாராஜபுரத்துல இருந்து மாப்ள வீட்டுக்காரவிய வந்துருந்தாவ. அழிகண்மாயும் பாத்த மாதிரி இருக்கும்னு நான்தான் அன்னைக்கு வரச் சொன்னேன். பொண்ணு பேச வந்தவிய நான் கர சுத்தி முடிக்கிறதுக்குள்ள பஸ் ஏறிட்டாவ. பொறவு அவளுக்கு வந்ததெல்லாம் தாரம் போனவன்தான். சங்கரன்கோவிலுக்கு ரெண்டாந்தாரமாப் போனா. மூத்தவ புள்ளைகளுக்குச் சோறு பொங்கிப் போட்டுக்கிட்டு இருக்கா. அவளுக்குன்னு ஒண்ணு பொறக்கல. மீன் வாடை பட்டா இன்னைக்கும் எந்திரிச்சு வெளிய போயிருவாளாம்.

அடுத்த மாசம் கண்மாய் ஏலம். நான் கேக்கலாம்னு இருந்தேன். விரால் திருடன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஏலங் கேப்பான்? நீ எடுத்த. பொறவு எப்பவும் நீதான்.

செத்த இரு, பால்கோவா வாங்கியாந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல எறங்குனேன்ல நேத்து, சூடா கிண்டிக்கிட்டு இருந்தாவ. நீ திங்க முடியாது. பரவால்ல, நான் திங்கேன், நீ பாரு. எலை இன்னும் மணக்குது.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், நண்டு. ராஜபாளையத்துல பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காதர்னு ஒருத்தர் கட. வண்ண மீனு, கிளி, லவ் பேர்ட்ஸ், எல்லாம் வச்சுருக்காரு. ஒரு தொட்டியில இது கெடக்கு. படத்துல காட்டுன அதேதான், செகப்புக் கொடுக்கு. யாருக்குப் பெரியவரேன்னாரு. பேரனுக்குன்னேன். எனக்கு ஏதுடா பேரன். நாலு புடிச்சு, தண்ணியோட பாலித்தீன் பையில போட்டுக் குடுத்தாரு. பஸ்ஸுல புள்ளையக் கொண்டாற மாதிரி மடியில வச்சுக் கொண்டாந்தேன். பக்கத்துல இருந்த பொம்பள எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிட்டா.

இப்ப ஒனக்கு வெளங்குது. நெத்தி வேர்க்குது பாரு.

பொறியில போட்டு, கரையில வச்சு, ஒரு போட்டோ. எங்க வச்சு எடுத்தேன் தெரியுமா? புது மடைக்குப் பக்கத்துல. உபயம் பால்ச்சாமின்னு பெயிண்டுல எழுதி வச்சுருக்கியே, அது படத்துல விழணும்னு நாலு தடவ எடுத்தேன். பொறவு போன அமுக்கிச் சொன்னேன். மேடம், மேலக் கண்மாய், இருக்கு.

ஒரு வார்த்த கேள்வி கேக்கல. ஐயா சொல்லிட்டாரேன்னு ஆபீஸ்காரவியளக் கூட்டிக்கிட்டு அன்னைக்கே வந்துட்டாவ. அவிய முன்னாலயே சாயங்காலம் பொறி எறக்குனேன். விடியக்காலம் அவிய வரும் முன்னால நான் போயிட்டேன், ஒன் மகன் தூங்கிக்கிட்டு இருந்தான். பொறிக்கு ஒண்ணா உள்ள விட்டேன். தூக்கிப் பாத்தா ஒண்ணு வயித்துக்கு அடியில முட்டையாத் தொங்கிக்கிட்டு இருக்கு. அது எனக்கே தெரியாது, கடையிலேயே அப்படித்தான் இருந்துருக்கு. அதப் பாத்து மேடம் மூஞ்சி வெளுத்துருச்சு. பெருகிருச்சு ஐயான்னாவ. எனக்கே அவியளப் பாக்கப் பாவமா இருந்துச்சு.

முட்ட இருந்தா வல எறங்கக் கூடாதாம். வலையோட, வண்டியோட, தண்ணியோட அடுத்த கண்மாய்க்குப் போயிருமாம். மீனையும் எடுக்கக் கூடாது. பள்ளத்துல பிளீச்சிங் பவுடரக் கொட்டி எல்லாத்தையும் சாக வச்சு, பொக்லைன வச்சு அங்கேயே குழி தோண்டி மூடணும். ஒன் மகன் அவிய கால்ல விழுந்தான். பொறவு என் கால்லயும் விழுந்தான். மாமா, மேடம் நீங்க சொன்னாக் கேப்பாக, ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்க மாமான்னு. எந்திரிடா, சொல்லிப் பாக்கேன்னேன். கெண்டக் குஞ்சு விடும்போதே இதச் செஞ்சுருக்கலாம். பெருசாகட்டும்னுதான் இருந்தேன்.

கண்ண மூடாத. மூடிக்கிட்டுப் படுத்தா போயிருவேன்னு நெனக்காத. தெற. ஆங்.

நாளைக்குக் காலையில லாரி வருது. நாளைக்குத்தான். இன்னும் ஒரு பொழுது இருக்கு. இந்தா, என் போனு. மேடம் படம் தெரியுதா, அதுக்குக் கீழ பச்சப் பொத்தான். அமுக்கி, மேடம், தப்பு நடந்துருச்சு, எவனோ கடையில வாங்கியாந்து என் பொறிக்குள்ள போட்டுருக்கான், கண்மாயில ஒண்ணுமில்லன்னு நான் சொல்லிட்டா நின்னு போகும். நான் சொன்னா நம்புவாவ. வெள்ளிக்கெழம ஒன் மகன் வல போடுவான். ஒன் கையப் புடிச்சுத் துண்டு வீசுவான்.

எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும் மாப்ள. நான் காசு கேக்கல, கால்ல விழச் சொல்லல. அந்த விரால என் பையில போடச் சொன்னது நீதான? ஏலத்துக்காகத்தான செஞ்ச? இருபது வருசமா நம்மூரு ஆளுக, என் பொஞ்சாதி உட்பட, சாகிற வரைக்கும் அவகூட, ஒரு விராலுக்கு ஆசப்பட்டுட்டானேன்னுதான் பாத்தாவ. அவ வாய் தெறந்து கேட்டதில்ல. கேக்காதது அதவிட மோசம். எனக்கு நீ ஒரு ஆள் சொல்லணும். ஒரு தடவ மூடு, போன அமுக்குறேன். ரெண்டு தடவ மூடுனா எந்திரிச்சுப் போயிட்டே இருப்பேன். பாரு, விரல பொத்தான் மேல வச்சுட்டேன்.

அவசரமில்ல. யோசி. ஈ கூட பறந்து போச்சு.

ம்.

ஒண்ணு.

ஒண்ணுதான? இன்னொருக்கா மூடு, நான் சரியாப் பாக்கல. ஒண்ணு. சரி. சரி மாப்ள. போதும்.

இதுக்கு இம்புட்டு வருசம் ஆச்சு பாரு. எனக்கு என்னமோ நெஞ்சுக்குள்ள பெருசா ஏதாவது நடக்கும்னு நெனச்சேன். ஒண்ணும் இல்ல. பால்கோவாதான் கொஞ்சம் தித்திப்பு தூக்கலா இருக்கு.

போனா? போன எடுத்து உள்ள வச்சுட்டேன். லாரி நாளைக்குன்னு சொன்னேன்ல, அது சும்மா. இன்னைக்குக் காலையிலேயே வந்துருச்சு. மேடம் மூக்குல துணியக் கட்டிக்கிட்டு நின்னாவ. ஆளுக மூட்ட மூட்டையாக் கொட்டுனாவ. மீனு பூரா மேல வந்து வாயத் தெறந்து தெறந்து மூடிச்சு, நீ இமைய மூடுற மாதிரி. கெண்ட மொதல்ல போயிருச்சு. விராலுதான் ரொம்ப நேரம் கெடந்துச்சு. ஒன் மகன் குடிசையில குப்புறப் படுத்துட்டான், எழுப்ப முடியல. அப்பாகிட்ட யாரும் சொல்லிராதீங்க, பிரஷர் ஏறிரும்னு ஊருக்கே கட்டளை. ஒன் மருமக வாசன வராம சன்னலச் சாத்திட்டா. ஊருல ஒருத்தனும் சொல்ல மாட்டான்னு தெரிஞ்சுதான் நான் வந்தேன். பினாயிலு வாசன இல்ல மாப்ள அது. இப்ப பாரு வானத்த. கொக்கு எதுக்கு வருதுன்னு தெரியுதா?

இந்த ஒலகத்துல நண்டு எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்ச ஆளு ரெண்டே பேரு. நானு, நீயி.

வா தாயி. மோரா, குடு. உப்பு சரியா இருக்கு. கண்ணுல தண்ணியா? ஆமா, நான்தான் வேக்குதேன்னு சன்னலத் தெறந்தேன், தூசி விழுந்துருச்சு போல. தொடச்சு விடு. ரெண்டு ரெண்டாத் தட்டுதாரா? ஆமா, அப்ப இருந்து அப்படித்தான் தட்டிக்கிட்டு இருக்காரு. பால்கோவா ஒரு துளி நாக்குல வைக்கவான்னு கேட்டேன், அத வேண்டாம்ங்காரு. இல்ல இல்ல, கண்மாய் பேச்சே எடுக்கல. பழைய கததான். ஒன் மாமனும் நல்லாப் பேசுனாரு.

என்ன சொன்னாராவா?

ஒண்ணுமில்ல தாயி.